மறுமொழி வராத வேளை: மட்டாஞ்சேரிக் கடிதங்களும் கைப்பேசிக் கோரிக்கைகளும்

1996ஆம் ஆண்டு மே மாதம் ‘ஆர்எஃப்சி 1945’ என்னும் எண் தாங்கிய ஆவணம் ஒன்று வெளிவந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், ஹென்ரிக் ஃபிரிஸ்டிக் ஆகிய மூவர் எழுதிய அவ்வாவணம் எச்டிடிபி நெறிமுறையின் 1.0 பதிப்பை விளக்கியது. வலையில் ஒரு கணினி மற்றொரு கணினியிடம் எவ்வாறு கேட்க வேண்டும், கேட்கப்பட்ட கணினி எவ்வாறு விடையளிக்க வேண்டும் என்பதே அந்நெறிமுறையின் பொருள். அதே ஆண்டு செப்டம்பரில் கேரளத்தின் முதல் கைப்பேசிச் சேவையை எஸ்கோடெல் நிறுவனம் கொச்சியில் தொடங்கிற்று. முதல் அழைப்பைப் பேசியவர் ‘செம்மீன்’ நாவலாசிரியர் தகழி சிவசங்கரப் பிள்ளை. இவ்விரு நிகழ்வுகளுக்கும் அன்று எவ்விதத் தொடர்பும் இல்லை. நெறிமுறை கம்பிவழி இணைக்கப்பட்ட கணினிகளுக்காக எழுதப்பட்டது. கைப்பேசி மனிதக் குரலுக்காக வந்தது. பின்வந்த இருபது ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாயின. இன்று பேருந்துச் சீட்டும் மருத்துவமனை முன்பதிவும் கூலியும் உதவித்தொகையும் கைப்பேசிச் செயலி அனுப்பும் எச்டிடிபி கோரிக்கைகளாகவே பயணம் செய்கின்றன.

இந்தக் கூட்டுறவின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது: இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை என்று. ஆனால் செயலி ஒன்றின் கோரிக்கைகளை வடிவமைக்கும் பொறியாளரின் மேசையில் வேறொரு கேள்வியே முதன்மையானது. மறுமொழி வராவிட்டால் என்ன செய்வது? எத்தனை வினாடி காத்திருப்பது, மீண்டும் அனுப்புவதா, அனுப்பினால் அதே செயல் இருமுறை நிகழாதா, அனுப்புபவர் யார் என்பதை எவ்வாறு நிறுவுவது? கோரிக்கையின் அமைவு எனப்படுவது இக்கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுதிவைக்கப்படும் விடைகளின் தொகுப்பேயாகும். இக்கேள்விகள் கணினியோடு பிறந்தவையல்ல. கடல் கடந்த வணிகம் நடந்த துறைமுகங்களில், குறிப்பாக மலபார்க் கரையில், இவற்றுக்குத் தலைமுறை தலைமுறையாக விடைகள் தேடப்பட்டன. அவ்விடைகளை இன்றைய அமைவுகளோடு ஒப்புநோக்கும்போது, தொழில்நுட்பத் தெரிவுகள் போலத் தோன்றும் சில எண்களுக்குள் யாருடைய வாழ்நிலை கணக்கில் கொள்ளப்பட்டது, யாருடையது விடுபட்டது என்பது புலப்படுகிறது.

ஒற்றை வரிக் கோரிக்கை

எச்டிடிபியின் தொடக்க வடிவம் மிக எளியது. ஜெனிவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் 1991இல் வழங்கிய அவ்வடிவம் பின்னாளில் 0.9 என்று பெயர்பெற்றது. அதில் கோரிக்கை என்பது ஒரே வரி: ‘கெட்’ என்னும் சொல், அதையடுத்து வேண்டிய ஆவணத்தின் முகவரி. கேட்பவர் யார், எந்த மொழியில் வேண்டும், எந்த வடிவில் வேண்டும் என எதையும் சொல்ல இடமில்லை. வழங்கி ஆவணத்தை அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். துண்டிப்பே முடிவின் அடையாளம்.

இங்கே ஒரு சிக்கல் மறைந்திருந்தது. ஆவணம் முழுவதும் வந்துசேர்ந்ததால் இணைப்பு முடிந்ததா, பாதிவழியில் கம்பி அறுந்ததால் முடிந்ததா என்பதைப் பெறுபவர் அறிய வழியில்லை. வெற்றியும் தோல்வியும் ஒரே முகம் காட்டின. நிலையான கம்பிகளால் இணைந்த ஆய்வகத்தில் இது பெரிய குறையாகத் தோன்றியிராது. 1.0 பதிப்பு வந்தபோது கோரிக்கைக்கும் மறுமொழிக்கும் தலைப்பகுதிகள் அமைந்தன. உள்ளடக்கத்தின் நீளத்தை முன்னரே சொல்லும் வழி பிறந்தது. 200, 404, 503 முதலான நிலைக்குறியீடுகள் பொதுவழக்காயின. நடந்தது என்ன என்பதை வழங்கி தன் வாயால் சொல்லும் ஏற்பாடு இது. ஆயினும் வழங்கியின் சொல்லே வந்துசேராத வேளையில் எந்தக் குறியீடும் உதவாது.

அமைதியின் மூன்று பொருள்கள்

மறுமொழி வராத நிலைக்கு மூன்று விளக்கங்கள் உண்டு. முதலாவது, கோரிக்கையே போய்ச்சேரவில்லை. இரண்டாவது, கோரிக்கை சேர்ந்தது. ஆனால் செயல் நடைபெறவில்லை. மூன்றாவது, கோரிக்கையும் சேர்ந்து செயலும் முடிந்தது. மறுமொழி மட்டும் வழியில் தொலைந்தது. அனுப்பியவரின் இடத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். பணம் அனுப்பிவிட்டுத் திரையில் சுழலும் வட்டத்தைப் பார்த்திருப்பவருக்கு, பணம் போயிற்றா இல்லையா என்பது அந்த மூன்றில் எது உண்மை என்பதைப் பொறுத்தது.

நம்பமுடியாத வழியில் செய்தி அனுப்பும் இருவர், எத்தனை செய்திகளைப் பரிமாறினாலும் ஒருமித்த உறுதிக்கு வர இயலாது என்பதை 1975இல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் ஆகியோர் கணினி வலையமைப்புகளின் சூழலில் எடுத்துக்காட்டினர். ஜிம் கிரே 1978இல் அதனை இரு தளபதிகளின் சிக்கல் என்னும் பெயரில் பரவலாக்கினார். இதன் பொருள் தெளிவானது: அமைதியை முற்றாக ஒழிக்கும் நெறிமுறை எதுவும் இல்லை. செய்யக்கூடியது, அமைதி நேரும்போது இழப்பு குறைவாக இருக்குமாறு முன்னரே ஒழுங்கு செய்துகொள்வது மட்டுமே.

பருவக்காற்றே காலவரம்பு

1341இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்து, கொச்சியின் இயற்கைத் துறைமுகத்தைத் திறந்துவிட்டது என்பது மரபுச் செய்தி. மட்டாஞ்சேரியின் வணிகத் தெருக்கள் அத்துறைமுகத்தின் பின்னணியில் வளர்ந்தவை. கொச்சி தலையெடுப்பதற்கு முன்பே மலபார்க் கரைக்கும் ஏடனுக்கும் கெய்ரோவுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நிலைபெற்றிருந்தது. கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக் கூடமொன்றின் கெனிசா அறையில் கிடைத்த கடிதங்கள் அதற்குச் சான்று. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்னும் வணிகரின் கடிதங்களும் அவற்றுள் அடங்கும். எஸ்.டி.கோய்ட்டைன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இத்தொகுதிக்கே செலவிட்டார்.

அக்கடிதங்களில் மூன்று வழக்கங்களைக் காணலாம். ஒரே கடிதத்தின் படிகளை வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினர். ஒன்று மூழ்கினாலும் மற்றொன்று சேரும் என்பது கணக்கு. கடிதத்தின் தொடக்கத்திலேயே, இதற்கு முன் எழுதிய கடிதங்கள் எவை, அவை யார்வழி சென்றன என்பதைக் குறித்தனர். பெறுபவர் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதைத் தாமே கணக்கிட்டுக்கொள்ள இது உதவியது. அனுப்பிய சரக்கின் அளவும் அதை ஏற்றிவந்தவர் பெயரும் கடிதத்தில் இடம்பெற்றன. இரண்டாம் படி கைக்கு வரும்போது அது புதிய சரக்கைப் பற்றியதன்று, முன்பு சொல்லப்பட்டதையே பற்றியது என்பது விளங்கிற்று.

காத்திருப்பின் எல்லையைப் பருவக்காற்று வகுத்தது. தென்மேற்குப் பருவத்தின் கடுமையில் மலபார்த் துறைகள் மூடிக்கிடக்கும். குறிப்பிட்ட திங்களுக்குள் கப்பல் வராவிட்டால், இனி அடுத்த பருவத்தில்தான் என்பது எல்லோரும் அறிந்த ஒன்று. அக்காலவரம்பை எந்த வணிகரும் தம் விருப்பப்படி தீர்மானிக்கவில்லை. கடல்வழியின் இயல்பே அதைத் தீர்மானித்தது. ஏடனுக்கு ஒரு கணக்கு, குஜராத்துக்கு வேறொரு கணக்கு.

1663இல் கொச்சியைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் இவ்வழக்கங்களை அலுவலக நடைமுறையாக்கியது. 1795இல் ஆங்கிலேயர் கைக்குக் கொச்சி மாறும்வரை இங்கிருந்து பத்தேவியாவுக்கும் கொழும்புக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் கடிதங்கள் சென்றன. படிகள் எடுக்கப்பட்டன, முந்தைய கடிதங்களின் நாள்கள் சுட்டப்பட்டன, அனுப்பப்பட்டவை பதிவேடுகளில் ஏறின. மலபார் டச்சு ஆவணங்களின் பெருந்தொகுதி இன்று சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. பேரரசுகளின் ஆவணங்கள் இவ்வளவு தடித்திருப்பதற்கு ஒரு காரணம், மறுமொழி வராத அச்சத்தில் ஒன்றையே பலமுறை எழுதிவைத்த அவ்வழக்கம்.

கூச்சலிட்டுப் பேசிய சந்தை

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் மட்டாஞ்சேரியில் உண்டு. யூதத்தெருவில் இயங்கிய இந்திய மிளகு, நறுமணப்பொருள் வணிகச் சங்கம் 1957 முதல் மிளகுக்கான முன்பேர வணிகத்தை நடத்தியது. ஒரே கூடத்தில் வணிகர்கள் நேருக்குநேர் நின்று விலையைக் கூவிச் சொல்வர். எதிரிலிருப்பவர் ஏற்பார் அல்லது மறுப்பார். அங்கே அமைதிக்கு ஒரே பொருள்தான்: விருப்பமில்லை. கேட்டது காதில் விழுந்ததா என்னும் ஐயத்துக்கு இடமில்லை.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசிய அளவிலான மின்னணுப் பண்டச் சந்தைகள் வந்தன. மிளகும் அவற்றில் இடம்பெற்றது. கூடத்தின் கூச்சல் திரைக்கு மாறிற்று. விலை எல்லா ஊர்களுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது என்பது இம்மாற்றத்தின் பயன். அதற்கு ஈடாக, பழைய கடல்வழியின் ஐயம் வணிகத்துக்குள் திரும்பிவந்தது. அனுப்பிய ஆணை ஏற்கப்பட்டதா, வழியில் நின்றதா என்று திரையின் முன் அமர்ந்தவர் மீண்டும் கேட்கத் தொடங்கினார்.

திரும்பச் செய்தாலும் தீங்கற்றது

எச்டிடிபியின் 1.1 பதிப்பு 1997 ஜனவரியில் ஆர்எஃப்சி 2068 ஆக வெளிவந்தபோது, இவ்வையத்தைக் கையாளும் கருத்தொன்றை அது முறைப்படி வகுத்தது. சில செயல்களை எத்தனை முறை செய்தாலும் விளைவு ஒன்றே. ஆவணத்தைப் படிப்பது அத்தகையது. ‘கெட்’ கோரிக்கை அதற்குரியது. ஒரு பதிவை இன்ன நிலையில் வை என்பதும் அத்தகையதே, ‘புட்’ அதற்குரியது. ஆனால் புதிதாக ஒன்றைச் சேர் என்னும் ‘போஸ்ட்’ கோரிக்கை அவ்வாறன்று. இருமுறை அனுப்பினால் இரண்டு பதிவுகள் விளையலாம். ஆகவே மறுமொழி வராதபோது முதல் இருவகையையும் அச்சமின்றி மீண்டும் அனுப்பலாம். மூன்றாவதை அவ்வாறு அனுப்புவது ஆபத்து.

பணப்பரிமாற்றச் சேவைகள் இதற்குப் பின்னர் ஒரு வழி கண்டன. செயலி ஒவ்வொரு செயலுக்கும் தனித்த எண்ணொன்றை உருவாக்கித் தலைப்பகுதியில் சேர்த்தனுப்புகிறது. மறுமுயற்சியிலும் அதே எண்ணே செல்கிறது. வழங்கி அந்த எண்ணை முன்பே கண்டிருந்தால் செயலைத் திரும்பச் செய்யாமல், முன்பு தந்த விடையையே மீண்டும் தருகிறது. கெனிசா வணிகர் தம் கடிதத்தில் முந்தைய கடிதங்களைச் சுட்டியதும் இதே தேவையின்பொருட்டே. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று சொல்வதற்குச் சான்றில்லை. ஒரே இடர்ப்பாடு ஒரேவகைத் தீர்வை இருவேறு காலங்களில் வேண்டிநின்றது என்பதே பொருத்தமான கூற்று.

இயல்பிருப்பு எண்களின் பிறப்பிடம்

கைப்பேசியில் எச்டிடிபி உடனே நுழைந்துவிடவில்லை. 1998இல் வெளிவந்த வாப் நெறிமுறைத் தொகுதி, சிறு திரைக்கும் மெல்லிய அலைவரிசைக்கும் ஏற்ற தனி வழியொன்றை வகுத்தது. இடையில் நின்ற ஒரு நுழைவாயில் அதனை வலையின் மொழிக்கு மாற்றியது. திறன்பேசிகள் வந்தபின் அந்த இடைத்தரகு மறைந்து, செயலிகளே நேராக எச்டிடிபி பேசத் தொடங்கின. அத்தோடு அமைவின் பொறுப்பும் செயலி எழுதுபவரிடம் வந்துசேர்ந்தது.

முதலில் தோன்றிய குறை, காத்திருத்தலையும் திரையையும் ஒரே இழையில் கட்டியது. மறுமொழி வரும்வரை திரை உறைந்துபோகும். ஆண்ட்ராய்டு இயங்குதளம் 2011இல் வெளிவந்த ஹனிகோம்ப் பதிப்பு முதல் இதனைத் தடைசெய்தது: திரையை இயக்கும் முதன்மை இழையில் வலைக் கோரிக்கை எழுந்தால் செயலி பிழையோடு நின்றுவிடும். அடுத்து வந்தவை நிரலகங்கள். 2013இல் கூகுள் தன் மாநாட்டில் வாலி என்னும் நிரலகத்தை அறிமுகம் செய்தது. ஸ்கொயர் நிறுவனத்தின் ஓகேஎச்டிடிபி அதே காலத்தில் பரவியது. பொறியாளர் எதையும் குறிப்பிடாவிட்டால் பயன்படும் இயல்பிருப்பு மதிப்புகளை ஒவ்வொன்றும் தனக்கெனக் கொண்டிருந்தது.

அம்மதிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயன்தரும். ஜாவாவின் பழைய இணைப்பு வகுப்பில் காலவரம்பு சுழி. அதன் பொருள் முடிவின்றிக் காத்திரு என்பது. வாலியில் 2500 மில்லிவினாடி, அதன்பின் ஒரு மறுமுயற்சி. ஓகேஎச்டிடிபியில் இணைப்புக்கும் படிப்பதற்கும் தனித்தனியே 10 வினாடி. ஐஃபோனின் யுஆர்எல்செஷனில் 60 வினாடி. ஒரே கேள்விக்கு முடிவிலி, இரண்டரை வினாடி, பத்து வினாடி, ஒரு நிமிடம் என நான்கு விடைகள். இவற்றுள் எதுவும் மலபாரின் பருவக்காற்றைப் போல வழியின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. வகுத்தவர்களின் அனுமானத்திலிருந்து பிறந்தது.

எளிய கணக்கு ஒன்று போதும். பாதுகாப்பான இணைப்பில் முதல் கோரிக்கை அனுப்ப, பெயரை முகவரியாக மாற்ற ஒரு சுற்று, இணைப்பை ஏற்படுத்த ஒரு சுற்று, டிஎல்எஸ் 1.2 முறையில் மறைகுறி உடன்பாட்டுக்கு இரு சுற்று, கோரிக்கைக்கு ஒரு சுற்று என ஐந்து சுற்றுப் பயணங்கள் வேண்டும். ஒரு சுற்றுக்கு 50 மில்லிவினாடி எனில் மொத்தம் கால் வினாடி. நெரிசல் மிக்க இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் ஒரு சுற்றுக்கு 600 மில்லிவினாடி எனில் மூன்று வினாடி. முழுக் கோரிக்கைக்கும் இரண்டரை வினாடி வரம்பிட்ட செயலி, முதலாமவருக்குச் சிறப்பாக இயங்கும். இரண்டாமவருக்கு, வழங்கி நொடிப்பொழுதில் விடையளித்தாலும், ஒருபோதும் இயங்காது. அவரிடம் திரை சொல்வதோ, இணையத் தொடர்பு இல்லை என்பது. தொடர்பு இருந்தது, அதற்குக் காத்திருக்கும் பொறுமையே செயலியிடம் இல்லை. வாலியின் இயல்பிருப்பு, மறுமுயற்சியின்போது ‘கெட்’ என்றும் ‘போஸ்ட்’ என்றும் வேறுபாடு பாராததால், மெதுவான வலையமைப்பில் ஒரே பதிவு இருமுறை ஏறும் சிக்கலையும் பொறியாளர்கள் சந்தித்தனர். அதை மாற்றும் வழி நிரலகத்திலேயே இருந்தது. மாற்ற வேண்டும் என்பதை அறிந்தவர் மட்டும் மாற்றினர்.

இடப்பெயர்ச்சி மற்றொரு சிக்கல். மட்டாஞ்சேரியில் வீட்டு வைஃபையில் தொடங்கிய பதிவேற்றத்தோடு படகேறி எறணாகுளம் செல்பவரின் கைப்பேசி, வழியில் கோபுரத்தின் வலையமைப்புக்கு மாறுகிறது; அதன் முகவரியும் மாறுகிறது. முகவரியையே இணைப்பின் அடையாளமாகக் கொண்ட பழைய முறையில் இணைப்பு அங்கேயே அறுபடும். 2022 ஜூனில் ஆர்எஃப்சி 9114 ஆக வெளிவந்த எச்டிடிபி 3, குவிக் என்னும் அடித்தளத்தின்மேல் அமைந்தது. அதில் இணைப்புக்குத் தனி அடையாள எண் உண்டு. முகவரி மாறினாலும் இணைப்பு தொடரலாம். நடமாடும் மனிதரைக் கருத்திற்கொண்ட இம்மாற்றத்துக்கு, 1996 செப்டம்பரின் அந்த முதல் அழைப்பிலிருந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

செப்பேடு, கர்தாஸ், வில்லை

கோரிக்கையின் தலைப்பகுதியில் காலவரம்பைவிடவும் கூர்மையான கேள்வி, அனுப்புபவரின் உரிமை பற்றியது. மட்டாஞ்சேரிப் பரதேசி யூதத் தொழுகைக் கூடத்தில் காக்கப்படும் செப்பேடுகள் அக்கேள்விக்கு ஒரு பழைய விடை. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய உரிமைகளை அவை வட்டெழுத்தில் பதிந்துள்ளன. அவ்வுரிமை பெயர் சுட்டியது, அவருக்கும் அவர் வழியினருக்கும் உரியது, காலவரையற்றது.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்த கர்தாஸ் என்னும் கடற்சீட்டு வேறுவகை. கப்பலின் பெயர், தலைவர், ஏந்திய ஆயுதங்கள், செல்லும் துறை ஆகியன அதில் எழுதப்பட்டன. மிளகு போன்ற சரக்குகளுக்குத் தடை இருந்தது. சீட்டின்றிச் செல்லும் கப்பல் பறிமுதலுக்கு உள்ளாகும். அது குறிப்பிட்ட கப்பலுக்கும் குறிப்பிட்ட பயணத்துக்கும் உரிய, காலங்கடந்தால் செல்லாத அனுமதி; அதே வேளையில், அதுவரை யாவருக்கும் பொதுவாயிருந்த கடலில் ஒரு வல்லரசு வலிந்து சுமத்திய கட்டணவாயிலும் ஆகும்.

2012 அக்டோபரில் ஆர்எஃப்சி 6749 ஆக வெளிவந்த ஓஆத் 2.0, இன்றைய செயலிகளின் உரிமைச்சீட்டை ஒழுங்குபடுத்தியது. அதனோடு வழங்கும் ‘பேரர்’ வில்லை, பெயருக்கேற்ப, ஏந்திவருபவர் எவராயினும் அவருக்குச் செல்லும். கர்தாஸ் தன் கப்பலின் பெயரைத் தாங்கியிருந்தது. இவ்வில்லையில் அத்தகைய கட்டுப்பாடு இயல்பாக இல்லை. வழியில் அதனைப் படித்தவர் அதனைப் பயன்படுத்தவும் வல்லவராவார். எனவேதான் வழியையே மூடியாக வேண்டிய தேவை எழுந்தது. ஆப்பிள் 2015இல் ஐஓஎஸ் 9 பதிப்பிலும், கூகுள் 2018இல் ஆண்ட்ராய்டு 9 பதிப்பிலும், மறைகுறியற்ற இணைப்புகளை இயல்பிருப்பாகவே தடுத்தன. அதுவரை, கடவுச்சொல்லைத் திறந்த அஞ்சலட்டையில் எழுதுவதற்கு ஒப்பான செயல் நடைமுறையில் தடையின்றி நடந்துவந்தது. ஓர் இயல்பிருப்பை மாற்றியதால் கோடிக்கணக்கானோரின் பாதுகாப்பு உயர்ந்த எடுத்துக்காட்டு இது. இயல்பிருப்புகள் அற்பமானவையல்ல என்பதற்கும் இதுவே சான்று.

2018: கோரிக்கை என்னும் சொல்லின் இரு பொருள்

2018 ஆகஸ்டில் பெரியாறு மீண்டும் கரைகடந்தது. கொச்சி விமான நிலையம் ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடப்பட்டது. ஆலுவா, பரவூர், சாலக்குடி, செங்கன்னூர்ப் பகுதிகளில் மக்கள் மாடிகளில் சிக்கினர். மாநிலமெங்கும் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடற்கரை ஊர்களிலிருந்து படகுகளை லாரிகளில் ஏற்றிவந்த மீனவர்கள் 65,000 பேரை மீட்டனர் என்பது அரசு தந்த கணக்கு.

அந்நாள்களில் கேரள மாநில ஐடி மிஷன், ஐஇஇஇ அமைப்பின் கேரளப் பிரிவு, தன்னார்வப் பொறியாளர்கள் ஆகியோர் சேர்ந்து ‘கேரளா ரெஸ்க்யூ’ என்னும் இணையவாயிலை எழுப்பினர். ஜாங்கோ என்னும் சட்டகத்தில் எழுதப்பட்ட அதன் நிரல் திறந்தமூலமாகக் கிட்ஹப் தளத்தில் வைக்கப்பட்டது; பல ஊர்களிலிருந்தும் பொறியாளர்கள் திருத்தங்களை அனுப்பினர். சிக்கியவர் இருக்குமிடம், எண்ணிக்கை, தேவை ஆகியன அதில் பதிவாயின. பொறியாளரின் மொழியில் கோரிக்கை என்பதும், மாடியில் நிற்பவரின் மொழியில் கோரிக்கை என்பதும் அங்கே ஒன்றாயின.

மின்சாரம் நின்றது, கோபுரங்கள் செயலிழந்தன, கைப்பேசிகளின் மின்கலம் தீர்ந்துகொண்டிருந்தது. இணைப்புள்ள வெளியூர் உறவினர்கள், வளைகுடா நாடுகளில் இருந்தோர் உட்பட, சிக்கியவர்களின் சார்பில் பதிவு செய்தனர். ஒரே குடும்பத்துக்காகப் பலர் பதிந்தனர். மீட்கப்பட்ட பின்னும் பழைய செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிவந்தது. அமைதியின் மூன்று பொருள்களும் அங்கே உயிரோடு நின்றன: செய்தி சேரவில்லையா, சேர்ந்தும் படகு இல்லையா, மீட்பு முடிந்தும் அறிவிப்பு வரவில்லையா? இரட்டைப் பதிவு ஒன்றால் படகு வெறும் வீட்டுக்குச் சென்றால், வேறொரு மாடியில் காத்திருப்பவர் நேரத்தை இழப்பார். இரட்டை என்று தவறாகக் கருதி ஒன்றை நீக்கினால் இழப்பு அதனினும் பெரிது. தன்னார்வலர்கள் ஒவ்வொரு எண்ணையும் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்த்தே இச்சிக்கலைக் கடந்தனர். நெறிமுறை விட்ட இடத்தை மனிதக் குரல் நிரப்பியது.

ஈராண்டு கழித்து வந்த நிகழ்வு வேறுவகை. பெருந்தொற்றுக் கால ஊரடங்கின் பின், கேரள மாநில மதுபானக் கழகம் 2020 மே 27 அன்று பெவ்கியூ என்னும் வரிசைச் செயலியை வெளியிட்டது. அதனைச் செய்தது கொச்சியின் தொடக்கநிலை நிறுவனமொன்று. இலட்சக்கணக்கானோர் ஒரே வேளையில் பதிவு செய்ய முற்பட்டனர். ஒருமுறைக் கடவுச்சொல் உரிய நேரத்தில் வரவில்லை என்பது பரவலான முறையீடு. விடை வராதவர் மீண்டும் பொத்தானை அழுத்துவது இயல்பு. ஆயினும் நெரிசலில் ஒவ்வொரு மறுமுயற்சியும் நெரிசலைக் கூட்டுகிறது. இதற்குரிய மருந்து 1976இல் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் ஈதர்நெட் குறித்து எழுதிய கட்டுரையிலேயே உண்டு: மோதல் நேர்ந்தால் காத்திருக்கும் காலத்தை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி, அதில் தற்செயலான வேறுபாட்டையும் கலந்துவிடுவது. 2012இல் 429 என்னும் நிலைக்குறியீடு, கோரிக்கைகள் மிகுந்துவிட்டன என்று வழங்கி வெளிப்படையாகச் சொல்ல வழிசெய்தது. எப்போது திரும்ப வரலாம் என்பதை அதற்குரிய தலைப்பகுதியில் குறிக்கவும் முடியும். கருவிகள் இருந்தன. அவற்றை ஒவ்வொரு செயலியிலும் எவரேனும் நினைவோடு அமைத்தாக வேண்டும்.

எண்களை ஆவணமாகப் படித்தல்

இவ்வரலாற்றிலிருந்து இரு முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, பழைய வணிகர்கள் அமைதியை விதிவிலக்காகக் கருதவில்லை. ஒவ்வொரு கடிதமும் தொலையக்கூடும் என்னும் எண்ணத்தோடே எழுதப்பட்டது. எச்டிடிபி நம்பகமான கம்பிகளின் நடுவே பிறந்தது. ஆதலால் அதன்மேல் எழுந்த கருவிகள் வெற்றியை வழக்கமாகவும் அமைதியைப் பிழையாகவும் கொண்டன. கோரிக்கையைக் கைப்பேசியிலேயே சேமித்துவைத்து, தொடர்பு கிடைக்கும்போது தனித்த எண்ணோடு அனுப்பி, அனுப்பியது, சேர்ந்தது, நிறைவேறியது என்னும் மூன்று நிலைகளையும் பயனருக்குப் பிரித்துக்காட்டும் செயலிகள் இக்குறையைக் களைகின்றன. பொதுச் சேவைக்கான செயலிகளில் இது விருப்பத் தெரிவாக இருக்கக் கூடாது.

இரண்டாவது முடிவு வரலாற்று மாணவர்களுக்குரியது. டச்சு அலுவலகத்தின் படியெடுக்கும் வழக்கத்தை நாம் ஆவணங்களின் வழியே அறிகிறோம். இன்றைய அரசுச் செயலிகளின் காலவரம்பும் மறுமுயற்சி விதியும் எங்கே பதிவாகின்றன? கேரளா ரெஸ்க்யூவின் நிரல் பொதுவெளியில் இருப்பதால், எந்த மாற்றம் எந்த நாளில் செய்யப்பட்டது என்பதை வரிவரியாகப் படிக்க முடிகிறது. 2018 வெள்ளத்தின் வரலாற்றை எழுதுபவருக்கு அது முதன்மைச் சான்று. உதவித்தொகையும் உணவுப்பொருளும் வழங்கும் பல செயலிகளுக்கு அத்தகைய திறந்த பதிவு இல்லை. ஒரு மூதாட்டியின் விண்ணப்பம் சேராமற்போனதற்குக் காரணம் கொள்கையா, அலுவலரா, பத்து வினாடி என்று யாரோ எழுதிய ஓர் எண்ணா என்பதை நாளைய ஆய்வாளர் அறிய வேண்டுமானால், அந்த எண்ணும் அதை எழுதிய காரணமும் எழும்பூர்க் காப்பகத்தின் கடிதக்கட்டுகளைப் போல எங்கேனும் காக்கப்பட்டிருக்க வேண்டும்.